பற்றரிக்கு யார் பொறுப்பு?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டில் இலங்கைத் தெருக்களில் ஓடிய கார்களுக்கெல்லாம் ஐந்து வயது கூடிப்போயிற்று. விலை மட்டும் இறங்கவில்லை. இன்று திருகோணமலையில் கார் வாங்கப் புறப்படுகிற ஒருவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வகை வண்டிகள் நிற்கும். ஒன்று, ஜப்பானில் கொஞ்சக் காலம் ஓடிவிட்டு இப்போது வந்திறங்கிய ரீகண்டிஷன் வண்டி. மற்றது, இங்கேயே பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி. இரண்டிலும் ஹைபிரிட் நிறைய: அக்குவா, பிரியஸ், அக்சியோ, ஃபிட், வெசல். விலை பேசி முடிந்ததும் விற்பவர் இன்னொரு கடதாசியை எடுத்து வைப்பார். "இன்னும் கொஞ்சம் கட்டினீங்கள் எண்டால் ரெண்டு வருசத்துக்கு ஹைபிரிட் பற்றரிக்கும் வாரண்டி தாறம்." வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி: "எவ்வளவு?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மட்டும் போதாது. கடதாசியில் எழுதப்படாத மூன்று எண்கள் உண்டு. இந்த இரண்டு வருடத்துக்குள் பற்றரி பழுதாகும் நிகழ்தகவு எவ்வளவு? பழுதானால் செலவு எவ்வளவு? அந்த நேரத்தில், கடதாசி தந்தவர் உண்மையிலேயே பணத்தைக் கட்டும் நிகழ்தகவு எவ்வளவு? மூன்றையும் பெருக்கி வருவதுதான் கடதாசியின் பெறுமதி. முதல் இரண்டைப் பற்றி கராச்சிலும் தேநீர்க் கடையிலும் நிறையப் பேசுகிறோம். மூன்றாவதைப் பற்றி வாய் திறப்பவர் குறைவு. கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற நமக்கு, அந்த மூன்றாவது எண்தான் மற்ற இரண்டையும் விடக் கனமானது என்பது என் தீர்மானமான எண்ணம்.

பற்றரியிலிருந்தே தொடங்குவோம். 2011 டிசெம்பரில் ஜப்பானில் அறிமுகமான முதல் தலைமுறை அக்குவாவின் பின் இருக்கைக்கு அடியில் இருப்பது நிக்கல் உலோக ஐதரைட்டுப் பற்றரி. ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று தரும் 120 கலங்கள். ஆறு ஆறாகச் சேர்த்து 20 தொகுதிகள். எல்லாவற்றையும் தொடராக இணைத்து மொத்தம் 144 வோல்ற்று. தொடர் இணைப்பில் மின்னோட்டம் எல்லாக் கலத்துக்குள்ளாலும் போய்த்தான் ஆகவேண்டும். ஒரு தொகுதி தளர்ந்தாலும் காரின் கணினி வோல்ற்று வேறுபாட்டைக் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். மற்றப் பத்தொன்பதும் நன்றாக இருந்தாலும் பயனில்லை.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு தொகுதி ஒரு வருடம் பழுதின்றி ஓடும் நிகழ்தகவு 99 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக நல்ல எண்ணாகத்தான் தெரிகிறது. இருபதும் ஒருசேரத் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் 0.99ஐ இருபது தடவை பெருக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 82 சதவீதம். 99 என்பது 98 ஆகக் குறைந்தால் 67 சதவீதம். தனித் தொகுதியின் தரம் ஒரே ஒரு புள்ளி சரிந்தால், முழுப் பற்றரி பழுதாகும் வாய்ப்பு 18 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகிவிடுகிறது. விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள் இவை. ஆனால் தொடர் இணைப்பின் இயல்பு இதுதான்: சின்னச் சரிவும் பெரிதாகத் தெரியும்.

அந்த ஒரு புள்ளியைச் சரியவைக்கும் வேலையைத் திருகோணமலை மும்முரமாகச் செய்கிறது. வேதி மாற்றங்களின் வேகம் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் கூடும்போதும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. பற்றரியைத் தேயவைப்பதும் வேதி மாற்றந்தான்: கலத்துக்குள் உலோகக் கலவை மெல்ல அரிக்கப்படுகிறது, மின்பகுபொருளின் ஈரம் குறைகிறது. டோக்கியோவின் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவு. நமக்கு 28ஐத் தொடும். பன்னிரண்டு பாகை வித்தியாசம் என்றால், அந்த விதிப்படி தேய்மானம் இரண்டு மடங்குக்கும் சற்று மேல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடுகிறது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணித்தியாலத்தில் இன்னும் 20 பாகை ஏறிவிடும். ஜப்பானில் எட்டு வருடம் தாங்கும் என்று சொல்லப்படும் பற்றரி இங்கேயும் எட்டு வருடம் தாங்கும் என்று யாராவது சொன்னால், அவர் கச்சான் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தப் பற்றரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்று. பின் இருக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு திறப்பு உண்டு. அதனூடாக ஒரு விசிறி காற்றை இழுத்துப் பற்றரிக்குள் செலுத்தும். ஓர்ஸ்ஹில் பக்கத்துக் கராச் ஒன்றில் அந்த விசிறியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இதழ்களுக்கு இடையில் சாம்பல் நிறப் பஞ்சு அடைந்திருந்தது. சீலை நூலும் தலைமுடியும் கலந்த அந்தப் பஞ்சை விரலால் பிரித்தபோது உள்ளே கடற்கரை மணல் மினுங்கியது. நிலாவெளிக்குக் குடும்பத்தோடு போய்க் குளித்துவிட்டு, கால் உதறாமல் பின் இருக்கையில் ஏறிய எல்லாருடைய மணலும் அங்கேதான் சேர்ந்திருந்தது. பொதிப்பையை அந்தத் திறப்பை மறைத்து வைப்பதும் அதே தீங்கைச் செய்யும். விசிறியைத் துப்புரவாக்க ஆகும் செலவு, பற்றரியின் விலையோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

அடுத்தது உப்பு. கறியுப்பாகிய சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடற்காற்றில் வருவது அது மட்டுமல்ல. மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அதனால் உட்துறைமுக வீதியிலோ உப்புவெளியிலோ நிற்கும் காரின் உலோகத்தில் படிந்த உப்பு, நன்றாகக் காய்ந்த நாளில்கூட முழுதாகக் காய்வதில்லை. பற்றரித் தொகுதிகளை இணைக்கும் செப்புத் தகடுகளைத் திறந்து பார்த்தால் சிலவற்றின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சை மின்தடையைக் கூட்டும். தடை கூடினால் சூடு கூடும், வோல்ற்று வாசிப்பு பிசகும், விளக்கு எரியும். பல சமயம் பற்றரி நல்ல நிலையில்தான் இருக்கும். தகட்டைச் சுரண்டித் துடைத்துப் பூட்டினால் சரியாகிவிடும். ஆனால் நீட்டித்த உத்தரவாதக் கடதாசிகளில் வழமையாக விலக்கப்படும் விடயங்களின் பட்டியலைப் பாருங்கள்: துரு, அரிப்பு, நீர் புகுதல், பராமரிப்புக் குறைவு. துறைமுகப் பட்டணத்தில் கார் எதனால் கெடுமோ அதுவே வெளியே தள்ளப்பட்டிருக்கும்.

பொறிகள் எந்த வயதில் பழுதாகும் என்பதற்கு ஒரு கணித வடிவம் உண்டு. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் வலோடி வைபுல் 1951இல் எழுதிய கட்டுரையால் பரவலான பரம்பல் அது. உருக்கின் களைப்பு முதல் அவரை விதையின் பருமன் வரைக்கும் அதே சமன்பாட்டைப் பொருத்திக் காட்டினார். காருக்குப் பொருத்தினால், தொழிற்சாலைக் குறைகள் வெளிப்படும் தொடக்கக் காலம், பழுது அரிதான நடுக்காலம், தேய்மானத்தால் பழுது ஏறும் கடைசிக் காலம் என்று மூன்றாகப் பிரியும். மூன்று வயது ரீகண்டிஷன் காருக்கு விற்கப்படும் இரண்டு வருட உத்தரவாதம் பெரும்பாலும் அந்த அமைதியான நடுக்காலத்தை மூடுகிறது. பதினொரு வயது அக்குவாவுக்குத்தான் உத்தரவாதம் உண்மையில் தேவைப்படும். அதற்கு நல்ல உத்தரவாதம் தருபவர் கிடைப்பது கடினம். வண்டி வகையையும் தனித்துப் பார்க்கவேண்டும். ஹொண்டா 2013 செப்டம்பரில் வெளியிட்ட ஃபிட் ஹைபிரிட், 2014 ஒக்டோபருக்குள் ஐந்து முறை திரும்ப அழைக்கப்பட்டது. கியர்ப்பெட்டியை ஆளும் மென்பொருள் அந்தக் குறைகளில் முக்கியமானது. அதே குடும்பத்துக் கியர்ப்பெட்டிதான் முதல் வெசல் ஹைபிரிட்டிலும். அந்தக் காலத்து வண்டியை வாங்குபவர், பற்றரியை விடக் கியர்ப்பெட்டி கடதாசியில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இனி விலைக்கு வருவோம். கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை எடுக்கிறேன். இரண்டு வருடத்தில் பற்றரி பழுதாகும் நிகழ்தகவு 20 சதவீதம். புதிது போட 4 இலட்சம் ரூபாய். ஒரு கார் சேல் 60,000 ரூபாய்க்கு உத்தரவாதம் தருகிறது. பழுது வந்தால் அவர்கள் முழுமையாகக் கட்டும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று உங்கள் விசாரிப்பு சொல்கிறது. காப்புறுதிக் கம்பனி பின்னால் நிற்கும் இன்னொன்று 85,000. அவர்கள் கட்டும் வாய்ப்பு 90 சதவீதம். மலிவானதன் பெறுமதி 40,000 ரூபாய், கொடுப்பது 60,000. மற்றதன் பெறுமதி 72,000, கொடுப்பது 85,000. சராசரியாக இரண்டிலும் நட்டந்தான். எந்தக் காப்புறுதியும் அப்படித்தான் இருக்கும், இல்லாவிட்டால் விற்பவர் பிழைக்க முடியாது. ஆனால் 25,000 ரூபாய் கூடக் கேட்பதில்தான் நட்டம் குறைவு. அதற்கும் மேலாக, மலிவானதை வாங்கியபின்னும் நான்கு இலட்சம் உங்கள் தலையில் விழும் வாய்ப்பு 10 சதவீதம் மிச்சமிருக்கிறது. மற்றதில் அது 2 சதவீதம்.

அந்த 60,000 ரூபாயையே இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கார் சேல்காரர் இப்படிப் பத்துக் கடதாசி விற்றால் கையில் வருவது 6 இலட்சம். பத்துக் காரில் இரண்டு பழுதாகும் என்று எதிர்பார்க்கவேண்டும். அதற்குச் செலவு 8 இலட்சம். அதாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் அவருக்கு நட்டம் நிச்சயம். அப்படியானால் ஒன்று, அவர் கட்டப்போவதில்லை. அல்லது புதிய பற்றரிக்குப் பதிலாக வேறெதையோ போடப்போகிறார். இரண்டாவதுதான் அதிகம் நடப்பது. தளர்ந்த தொகுதியை மட்டும் கழற்றிவிட்டு, வேறொரு பழைய பற்றரியிலிருந்து எடுத்த தொகுதியைப் பூட்டுவார்கள். விளக்கு அணையும். மற்றப் பத்தொன்பதும் அதே வயதினவாதலால், சில மாதத்தில் இன்னொன்று தளரும். "பற்றரி திருத்தித் தரப்படும்" என்ற வாசகத்துக்கும் "புதிய பற்றரி மாற்றித் தரப்படும்" என்ற வாசகத்துக்கும் இடையில் உள்ள தூரம் இதுதான். மிக மலிவான விலை, கொடுக்கும் எண்ணம் இல்லை என்பதற்கு விற்பவரே எழுதிக் கொடுக்கும் சாட்சி.

வாங்குவதா விடுவதா என்ற கேள்விக்கு இருநூற்று எண்பது வருடத்துக்கு முந்திய ஒரு பதில் இருக்கிறது. துறைமுக ஊரில் பிறந்தவர்களுக்கு அது சட்டென்று புரியும். கணிதவியலாளர் டானியல் பேர்னூலி 1738இல் ஒரு வணிகனின் கதையைக் கணக்காகப் போட்டார். பீற்றர்ஸ்பேர்க் வணிகன் ஒருவன் ஆம்ஸ்ரடாமிலிருந்து 10,000 ரூபிள் பெறுமதியான சரக்கைக் கப்பலில் வரவழைக்கிறான். அந்தப் பருவத்தில் நூறு கப்பலில் ஐந்து மூழ்குவது வழமை. காப்புறுதி கேட்டால் 800 ரூபிளுக்குக் குறைந்து யாரும் தருவதாயில்லை. எதிர்பார்க்கக்கூடிய நட்டம் 500 ரூபிள்தான். பின் ஏன் 800 கொடுக்கவேண்டும்? பேர்னூலியின் விடை: அது அவனுடைய மற்றச் சொத்தைப் பொறுத்தது. சரக்கைத் தவிர 5,043 ரூபிளுக்குக் குறைவாக வைத்திருப்பவன் காப்புறுதி எடுக்கவேண்டும். அதற்கு மேல் உள்ளவன் துணிந்து விடலாம். இழக்கும் ஒரு ரூபிளின் வலி ஏழைக்கும் செல்வனுக்கும் ஒன்றல்ல என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை.

அதே பந்தியில் பேர்னூலி மறுபக்கத்தையும் கணக்கிட்டார். அதை ஏனோ யாரும் நினைவில் வைப்பதில்லை. 800 ரூபிளுக்கு அந்தக் காப்புறுதியை விற்பவனிடம் குறைந்தது 14,243 ரூபிள் இருக்கவேண்டும். இல்லையென்றால் விற்பது அவனுக்கே புத்தியல்ல. வாங்குபவன் கையிருப்பு எவ்வளவு முக்கியமோ, விற்பவன் கையிருப்பும் அவ்வளவு முக்கியம். பத்துக் கடதாசி மட்டும் விற்ற ஒரு சிறிய கார் சேலில், எதிர்பார்த்த இரண்டுக்குப் பதில் மூன்றோ அதற்கு மேலோ பழுது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 32 சதவீதம். ஆயிரம் கடதாசி விற்ற கம்பனிக்கு 200 பழுது எதிர்பார்ப்பு. அது பெரும்பாலும் 175க்கும் 225க்கும் இடையில் அடங்கிவிடும். பெருந்தொகையில் ஏற்றத்தாழ்வு தணியும் இந்த விதியின் மேல்தான் காப்புறுதித் தொழிலே நிற்கிறது.

அந்த விதிக்கும் ஒரு வரம்பு உண்டு. இலங்கையில் இருந்தவர்கள் அதை 2022இல் கண்ணால் கண்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே நடுவில் 360 ரூபாய் ஆனது. செப்டம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். உதிரிப்பாகங்கள் எல்லாம் ஒரே நாளில் விலையேறின. ஒரு கார் பழுதாவது மற்றக் காரைப் பாதிக்காது. நாணயம் விழுந்தால் எல்லாக் காரின் செலவும் ஒன்றாக ஏறும். ஆயிரம் கடதாசி விற்றிருந்தாலும் அது காக்காது. அதனால் "உச்சவரம்பு இரண்டு இலட்சம் ரூபாய்" என்று எழுதிய உத்தரவாதத்தை, விலை எவ்வளவானாலும் பாகத்தையே மாற்றித் தரும் உத்தரவாதத்தோடு ஒப்பிடவே கூடாது. முதலாவதில் நாணயம் விழும் அபாயம் உங்களுடையது. 2022 சனவரியில் அப்படிக் கையெழுத்திட்டவரின் கடதாசி, மே மாதத்தில் ஏறத்தாழ பாதிப் பற்றரிக்குத்தான் காணும்.

பெரிய நாடுகளிலும் நிலைமை அவ்வளவு வேறல்ல. அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு, நீட்டித்த கார் உத்தரவாதம் வாங்கியவர்களிடம் நடத்திய கருத்தாய்வை 2014இல் வெளியிட்டது. 55 சதவீதமானோர் அதை ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. பொதுவாக 1,200 டொலருக்குச் சற்று மேல் கொடுத்திருந்தார்கள். பயன்படுத்தியவர்கள் மிச்சம்பிடித்தது 837 டொலர். அங்கே இந்தக் கடதாசிகளை மிகப் பெரிய அளவில் விற்ற யூ.எஸ். ஃபிடெலிஸ் 2010இல் வங்குரோத்தானது. அதன் உரிமையாளர்களான சகோதரர் இருவரும் 2012இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

திருகோணமலைக்காரருக்கு மட்டும் உரிய இன்னொரு செலவு இருக்கிறது: தூரம். பல உத்தரவாதங்கள் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை தங்கள் நிலையத்திலேயே சேர்விஸ் செய்யவேண்டும் என்று கேட்கும். அந்த நிலையம் கொழும்பில் என்றால், வருடம் 12,000 கிலோமீற்றர் ஓடுபவர் இரண்டு வருடத்தில் நான்கு தடவை போய்வரவேண்டும். 2,080 கிலோமீற்றர். லீற்றருக்கு 20 ஓடினாலும் 104 லீற்றர் பெற்றோல்; வேலைநாள் இழப்பு வேறு. ஒரு சேர்விஸைத் தவறவிட்டால் கடதாசி செல்லாது என்ற வரி எங்காவது இருக்கும். ஹபரணைக் காட்டுப் பாதையில் வண்டி நின்றால் இழுத்துவரும் செலவு யாருடையது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சித்திரை முதல் புரட்டாதி வரை உப்புவெளி, நிலாவெளிக்கு வரும் பயணிகளை ஏற்றியிறக்கிப் பிழைப்பவர்களின் நிலை இன்னும் கடினம். பற்றரிக்கு மிகக் கடுமையான வெயில் மாதங்களும் அவர்களுடைய உழைப்பு மாதங்களும் ஒன்றே. கார் கராச்சில் நிற்கும் நாட்களின் கூலியை இத்தகைய உத்தரவாதங்கள் வழமையாகத் தருவதில்லை.

என் பரிந்துரையைச் சொல்கிறேன். நான்கு இலட்சம் திடீரென்று கேட்டால் வங்கியிலிருந்து எடுக்கக்கூடியவர், இந்தக் கடதாசியை விட்டுவிட்டு அதன் விலையைத் திருத்த வேலைக்கென்று தனியே போட்டு வைக்கலாம். நகையை அடகு வைத்தால்தான் முடியும் என்பவர் வாங்கட்டும். வாங்கினால் விலை கூடிய, காப்புறுதிக் கம்பனி எழுத்தில் பின்னால் நிற்கும் ஒன்றை வாங்கட்டும். இலங்கையில் காப்புறுதி விற்பவர் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும், கடனைத் தீர்க்கும் வலுவையும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கம்பனியின் பெயர் கடதாசியில் இருக்கிறதா, விற்பவரின் வாயில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான இடைவகைக் கடதாசி யாருக்கும் பொருந்தாது. அதற்குக் கொடுக்கும் பணத்தில் விசிறியைத் துப்புரவாக்கி, செப்புத் தகடுகளைப் பார்த்து, பற்றரியைச் சோதித்துவிடலாம்.

கடதாசி எதுவும் வாங்காதவர் கையறு நிலையில் இல்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், வியாபாரி விற்கும் பொருள் தகுந்த தரத்தோடு இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எழுதாமலே எழுதியதாகக் கொள்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத விற்பனை பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரம் உண்டு. இரண்டுக்கும் சான்று வேண்டும். காசு கொடுப்பதற்கு முன்னர், வண்டியைச் சுமையோடு ஓடவிட்டு, ஸ்கேனரில் பற்றரியின் எல்லாத் தொகுதிகளின் வோல்ற்றையும் தனித்தனியே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு தொகுதிக்கு ஒரு வாசிப்பாக, சோடி சோடியாகக் காட்டும் ஸ்கேனரும் போதும். வித்தியாசம் தெரிந்தால் சரி. அந்த வாசிப்பைத் திகதி, கிலோமீற்றர், அடிச்சட்ட இலக்கத்தோடு அச்சிட்டு, அதன் கீழே விற்பவரின் கையொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். எட்டு மாதம் கழித்து விளக்கு எரியும்போது, "இது முந்தியே இருந்த பழுது" என்று தட்டிக்கழிக்க அவருக்கு இடமிராது.